அவருக்குக் கேட்டா எனக்கும் கேக்கணுமா?

எனக்கு அட்வைஸே ஆகாதுன்னு இல்ல. ‘எனக்கு நல்லா கேட்டுச்சு, நீங்களும் எடுத்துப் பாருங்க’ன்னு வர்ற அட்வைஸ்தான் ஆகாது.

சுக்குக் கஷாயம்னா சரின்னு தலையாட்டிட்டுப் போயிடலாம். போன வாரம் ஒரு பிறந்தநாள் பார்ட்டில எனக்குக் கிடைச்ச அட்வைஸ் கஞ்சா பத்தி.

(ஊர்ல இருந்து படிக்கறவங்க பதறாதீங்க. நான் இருக்கறது டொரொண்டோ, ஸ்கார்பரோ பக்கம். 2018 அக்டோபர் 17ல இருந்து கனடாவுல கஞ்சா சட்டப்படி சரி. ஒண்டாரியோவுல 19 வயசு ஆயிட்டா கடைல போய் வாங்கலாம். காய்கறி வாங்கற பிளாசாவுலயே ஒரு நகைக்கடை, ஒரு இடியாப்பக் கடை, ஒரு கஞ்சா கடை. இங்க இது அவ்வளவு சாதாரணம்.)

எனக்குப் பதட்டம் உண்டுன்னு என் வட்டத்துல எல்லாருக்கும் தெரியும். தெரியாத நம்பர்ல இருந்து போன் வந்தா வயித்தைப் பிசையும். ஆபீஸ்ல ‘அஞ்சு நிமிஷம் பேசலாமா’ன்னு மேனேஜர் மெசேஜ் போட்டா, அந்த அஞ்சு நிமிஷம் வர்றதுக்குள்ள மனசுக்குள்ள வேலையை ராஜினாமா பண்ணி, வீட்டை வித்து, ஊருக்கே போய்ச் சேர்ந்திருப்பேன்.

அதனால யாழ்ப்பாணத்துத் தம்பி ஒருத்தர் அக்கறையா ஆரம்பிச்சார். “அக்கா, உங்கட பதட்டத்துக்கு உதுதான் மருந்து. இயற்கை மூலிகை. ஒண்டும் செய்யாது. நான் ஒவ்வொரு நாளும் எடுக்கிறன், பாருங்கோ, எவ்வளவு அமைதியா இருக்கிறன்.”

எதிர்ல இருந்த அக்கா பொங்கிட்டாங்க. “ஐயோ, அதைத் தொடாதேங்கோ! நான் ஒருக்கா எடுத்திட்டு ஹார்ட் அட்டாக் எண்டு நினைச்சு 911க்கு அடிச்சனான்.”

அப்புறம் ரெண்டு பேரும் அரை மணி நேரம் சண்டை. கேக் வெட்டறதுக்குக் கூப்பிட்டும் யாரும் எந்திரிக்கல.

(‘இயற்கை’ங்கற வாதத்துக்கு மட்டும் உடனே பதில் சொல்லிடறேன். அரளி விதையும் இயற்கைதான், தம்பி.)

எனக்கு எரிச்சல் என்னன்னா, ரெண்டு பேருமே பொய் சொல்லல. அவருக்கு நெசமாவே அமைதி. அந்த அக்காவுக்கு நெசமாவே ஆம்புலன்ஸ். ஆனா ரெண்டு பேரும் அவங்கவங்க உடம்புக்கு நடந்ததை எடுத்து என் உடம்புக்குச் சட்டமா எழுதறாங்க. நான் நடுவுல தட்டை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்.

நான் ஒண்ணும் முயற்சி பண்ணாதவ கிடையாது.

முதல்ல வாங்கினது சிபிடி எண்ணெய். கஞ்சாச் செடியிலதான் இருக்கு, ஆனா போதை தராது, பதட்டத்துக்கு நல்லதுன்னு எல்லாரும் சொன்ன சமாச்சாரம். நாக்குக்கு அடியில சொட்டு விட்டுக்கிட்டுக் காத்திருந்தேன். ஒண்ணும் நடக்கல. வாய்ல புல் வாசனை. பர்ஸ் மட்டும் லேசாச்சு.

அப்புறம் கம்மீஸ். அதாங்க, ஜெல்லி மிட்டாய் மாதிரி. இதுல டிஹெச்சி இருக்கும், போதை தர்ற சரக்கு இதுதான். ஒரு சனிக்கிழமை ராத்திரி நானும் வீட்டுக்காரரும் ஆளுக்கு 2.5 மில்லிகிராம் எடுத்துக்கிட்டோம். அவர் படத்துல இண்டர்வெல் வர்றதுக்குள்ள சோஃபாவுல குறட்டை. எனக்கு? தோள்பட்டை இறங்குச்சு. வருஷக்கணக்கா தோளைக் காதுகிட்டயே தூக்கி வெச்சிருந்திருக்கேன்னு அப்பத்தான் தெரிஞ்சுது. சிரிப்பு வந்துச்சு. நல்லா தூங்கினேன்.

ஆஹா, கண்டுபிடிச்சாச்சுன்னு நினைச்சேன்.

கொஞ்ச நாள் கழிச்சு ஃப்ரெண்டு வீட்டுல, அதே பிராண்டு, இந்தத் தடவை 5 மில்லிகிராம். ஒரு மணி நேரம் கழிச்சு இதயம் தடதடன்னு ஓட ஆரம்பிச்சுது. நான் ரொம்ப சத்தமா பேசறேனா? எல்லாரும் என்னையே பாக்கறாங்களா? வீட்டுக் கதவைப் பூட்டினேனா? பாத்ரூம்ல போய் உக்காந்து நாடி பிடிச்சு எண்ணிக்கிட்டிருந்தேன். வெளிய வீட்டுக்காரர் அதே 5 மில்லிகிராம் எடுத்துட்டு பிரியாணி ரெண்டாவது ரவுண்டு போட்டுக்கிட்டிருக்கார்.

ஆளுக்கு ஆள் மாறுதுன்னு சொல்றாங்களே, அது பாதிக் கதைதாங்க. ஒரே ஆளுக்கே மாறுது. அதே பொம்பளை, அதே பிராண்டு.

இது ஏன்னு தெரிஞ்சுக்கணும்னு உக்காந்து படிச்சேன். (பதட்டக்காரிக்குக் கூகிள் கையில கிடைச்சா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும்.)

டிஹெச்சின்னா என்னன்னு முதல்ல பிரிச்சுக் காட்டினது இஸ்ரேல்ல ரஃபேல் மெக்கூலமும் யெஹியேல் கயோனியும், 1964ல. ஆராய்ச்சிக்குச் சரக்கு வேணுமே? போலீஸ் புடிச்சு வெச்சிருந்த ஹஷீஷ்ல 5 கிலோவை மெக்கூலம் கேட்டு வாங்கி, பஸ்லயே எடுத்துட்டு வந்தாராம். அறிவியல் வரலாற்றுல எனக்குப் பிடிச்ச பஸ் பயணம் இதுதான்.

அப்புறம் 1990ல அந்த டிஹெச்சி மூளைல எங்க போய் ஒட்டுதுங்கறது தெளிவாச்சு. அந்த ரிசெப்டருக்கு சிபி1னு பேரு. 1992ல, அதுல ஒட்டறதுக்குன்னே நம்ம உடம்பே ஒரு சரக்கு தயாரிக்குதுன்னு மெக்கூலம் குழுவே கண்டுபிடிச்சுது. பேரு ஆனந்தமைட். ஆக, ஒரு பொட்டு கஞ்சா தொடாதவங்க மூளைலயும் இந்த ஏற்பாடு ஓடிக்கிட்டுதான் இருக்கு. பயம், பதட்டத்தைக் கட்டுக்குள்ள வெக்கறதுல அதுக்கு முக்கியமான பங்கு.

இதுக்கு ஒரு சோகமான சாட்சியும் இருக்கு. கஞ்சா அடிச்சா பசிக்கும்ல? அப்போ சிபி1ஐ அடைச்சுட்டா பசி குறையுமேன்னு கணக்குப் போட்டு, ரிமோனபாண்ட்னு ஒரு உடல் எடைக் குறைப்பு மாத்திரை ஐரோப்பாவுல 2006ல வந்துச்சு. எடை குறைஞ்சுது. கூடவே பல பேருக்கு மனச்சோர்வு, பதட்டம், தற்கொலை எண்ணம். 2008ல நிறுத்திட்டாங்க. அந்தக் கதவை அடைச்சாலே சிலருக்கு மனசு கலங்குதுன்னா, அது எவ்வளவு நுணுக்கமான இடம்னு பாத்துக்கோங்க.

சரி, என் 2.5க்கும் 5க்கும் வருவோம்.

மூளைல கிளப்பி விடற நரம்புகளும் இருக்கு, அடக்கி வெக்கற நரம்புகளும் இருக்கு. டவுன் பஸ்ல ஆக்சிலேட்டரும் பிரேக்கும் மாதிரி வெச்சுக்கோங்க. சிபி1 ரெண்டு மேலயும் உக்காந்திருக்கு. அது எது மேல இருக்கோ அதோட சத்தத்தைக் குறைக்கும். எலிகள்ல பாத்ததுல, கம்மியான அளவு ஆக்சிலேட்டர் பக்கம் வேலை பாக்குது, அதனால நிதானம். அளவு ஏறினா பிரேக்கோட பிடியே தளர்ந்துடுது, அதனால பதட்டம். ஒரே பொருள், ஒரே ரிசெப்டர், நேரெதிர் பலன்.

மனுஷங்கள்ல? சிகாகோவுல எம்மா சைல்ட்ஸ், ஹாரியட் டி விட் எல்லாம் சேர்ந்து பண்ணி 2017ல வெளியிட்ட ஆய்வு ஒண்ணு இருக்கு. ஆரோக்கியமானவங்க 42 பேர். எல்லாரும் எப்பவாவது கஞ்சா எடுத்தவங்க, தினசரிப் பழக்கம் இல்லாதவங்க. மூணு குழுவாப் பிரிச்சு, ஒண்ணுக்கு வெத்து மாத்திரை, ஒண்ணுக்கு 7.5 மில்லிகிராம் டிஹெச்சி, இன்னொண்ணுக்கு 12.5. யாருக்கு எதுன்னு அவங்களுக்குத் தெரியாது.

அப்புறம் கொடுத்தாங்க பாருங்க ஒரு சோதனை. முகத்துல எந்த உணர்ச்சியும் காட்டாதவங்க முன்னாடி அஞ்சு நிமிஷம் வேலைக்கான நேர்காணல். முடிஞ்சதும் அஞ்சு இலக்க எண் ஒண்ணுல இருந்து 13, 13ஆ வாய்விட்டுக் கழிச்சுக்கிட்டே வரணும். (கஞ்சாவே வேண்டாம். இதைப் படிக்கும்போதே எனக்குக் கை வேர்த்துடுச்சு.)

7.5 எடுத்தவங்களுக்கு வெத்து மாத்திரைக்காரங்களை விட மன அழுத்தம் கம்மி, சீக்கிரமும் இறங்கிடுச்சு. 12.5 எடுத்தவங்களுக்கு? சோதனை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே மனநிலை மோசம், நேர்காணல்ல அதிகமா தடுமாறி நின்னாங்க.

வித்தியாசம் 5 மில்லிகிராம். கனடாவுல கம்மீஸ் ஒரு பாக்கெட்டுக்கு உச்சவரம்பே 10 மில்லிகிராம் டிஹெச்சிதான். அப்படின்னா நிம்மதிக்கும் நடுக்கத்துக்கும் நடுவுல இருக்கறது அரைப் பாக்கெட்டு. அந்தக் கோடு உங்களுக்கு 7.5ல இருக்குமோ, எனக்கு 3லயே இருக்குமோ, பாக்கெட்டுல எவனும் அச்சடிச்சுத் தர மாட்டான்.

(அளவுக்கு மிஞ்சினால்னு ஒரு பழமொழி இருக்கே, அதை நான் சொல்ல வேண்டாம், நீங்களே மனசுக்குள்ள சொல்லி முடிச்சிருப்பீங்க.)

அடுத்து, அந்தக் கோடு ஏன் ஆளுக்கு ஆள் வேற இடத்துல இருக்கு?

பிறப்புலயே கொஞ்சம். அந்த ஆனந்தமைடை உடைச்சுக் காலி பண்ற என்சைம் பேரு ஃபா. சிலருக்கு மரபணுல ஒரு சின்ன மாறுதலால அது மெதுவா வேலை செய்யும். அவங்களுக்கு இயல்பாவே ஆனந்தமைட் கூடுதல். சராசரியா பயமும் கொஞ்சம் சீக்கிரமே அடங்கும். இதோட உச்சக்கட்டம் ஸ்காட்லாந்துல ஜோ கேமரன்னு ஒரு அம்மா. அவங்களைப் பத்தி 2019ல ஆய்வுக் கட்டுரையே வந்துச்சு. ஆபரேஷனுக்கு அப்புறமும் வலி தெரியல, பதட்டம்னா என்னன்னே பெருசா தெரியாது. (மேனேஜர் மெசேஜுக்கு அந்தம்மா எப்படிப் பதில் போடுவாங்கன்னு யோசிச்சு யோசிச்சுப் பொறாமைப்பட்டேன்.)

ஈரலும் ஒரு காரணம். டிஹெச்சியை உடைக்கற என்சைம் சிலருக்குப் பிறவிலயே மந்தம். அவங்க உடம்புல அதே 5 மில்லிகிராம் ரொம்ப நேரம் தங்கும்.

ஈரல்னு சொன்னதும் இன்னொண்ணு. புகைச்சா சில நிமிஷத்துல தெரிஞ்சுடும். சாப்பிட்டா அது குடல் தாண்டி ஈரலுக்குப் போய், அங்க இன்னொரு வீரியமான வடிவமா மாறி, அப்புறம்தான் மூளைக்கு வருது. அரை மணில இருந்து ரெண்டு மணி நேரம் ஆகும். அதுக்குள்ள நம்மாளு ‘ஒண்ணுமே தெரியலையே’ன்னு இன்னொண்ணு வாய்ல போடுவான். அவ்வளவுதான், ரெண்டும் சேர்ந்து வந்து கதவைத் தட்டும். நியூயார்க் டைம்ஸ் பத்தி எழுத்தாளர் மௌரீன் டௌட் 2014ல கொலராடோ போய், கஞ்சா சாக்லேட் சாப்பிட்டுட்டு, ஹோட்டல் ரூம்ல எட்டு மணி நேரம் நடுங்கிக்கிட்டுக் கிடந்ததை எழுதினாங்க. புது ஆளா இருந்தா அதை 16 துண்டா வெட்டித்தான் சாப்பிடணும்னு அப்புறம்தான் தெரிஞ்சுதாம். அந்த விவரம் உறை மேல இல்ல.

சிபிடி எண்ணெய் எனக்கு ஏன் ஒண்ணும் பண்ணலன்னும் கண்டுபிடிச்சேன். பிரேசில்ல ஸுவார்டி குழு 1982லயே, டிஹெச்சி கொண்டு வர்ற பதட்டத்தை சிபிடி மட்டுப்படுத்துதுன்னு மனுஷங்கள்ல காட்டினாங்க. பின்னாடி அதே நாட்டுல, மேடைப் பேச்சு பேச வெச்சு ஆரோக்கியமான ஆண்கள்கிட்ட ஒரு சோதனை. 150, 300, 600 மில்லிகிராம் சிபிடி. பதட்டம் குறைஞ்சது 300 எடுத்தவங்களுக்கு மட்டும். 150க்கும் வேலை செய்யல, 600க்கும் செய்யல! நான் நாக்குல விட்டுக்கிட்டதோ 20 மில்லிகிராம் கிட்ட. அது என் பதட்டம் குடியிருக்கற தெருமுனைக்குக் கூடப் போய்ச் சேர்ந்திருக்காது.

கடைல கவுண்டர்ல நின்ன பையன் வேற, “இண்டிகா எடுங்க, அது ரிலாக்ஸ். சட்டிவா எடுத்தா சுறுசுறுப்பு”ன்னான். நல்ல பையன், சிரிச்ச முகம். ஆனா இப்ப விக்கற செடியெல்லாம் கலந்து கலந்து வந்த கலப்பு. அந்தப் பேரை வெச்சு உள்ள என்ன ரசாயனம் எவ்வளவு இருக்குன்னு சொல்ல முடியாதுன்னு பரிசோதிச்சுப் பாத்தவங்க சொல்றாங்க. பாக்க வேண்டியது டிஹெச்சி எவ்வளவு, சிபிடி எவ்வளவு. அமெரிக்காவுல பிடிபட்ட கஞ்சாவுல டிஹெச்சி 1995ல சராசரி 4 சதவீதம், 2014ல 12. இங்க கடைல இப்ப 25 போட்ட பாக்கெட்டெல்லாம் சாதாரணமா இருக்கு. ‘நாங்க காலேஜ்ல அடிக்காததா’ன்னு கிளம்பற அங்கிள்கள் இந்த நம்பரை ஒரு தடவை பாத்துட்டுக் கிளம்பறது நல்லது.

(சின்ன சுவாரசியம்: எலுமிச்சைத் தோலுக்கு வாசனை தர்ற லிமோனீன் இருக்கே, அதை டிஹெச்சியோட சேர்த்து ஆவியா இழுக்க வெச்சா பதட்டம் குறையுதுன்னு ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல பண்ணின சின்ன ஆய்வு 2024ல வந்துச்சு. இருபதே பேர்கிட்ட. உடனே எலுமிச்சை ரசம் வெக்கக் கிளம்பிடாதீங்க.)

இப்ப தலைக்குள்ள நடக்கறது. டிஹெச்சி பொதுவா எல்லாருக்குமே இதயத்துடிப்பைக் கொஞ்சம் ஏத்தும். என் வீட்டுக்காரர் அதைக் கவனிக்கவே மாட்டார். எனக்கோ துடிப்பு ஏறினா ‘ஆபத்து’ன்னுதான் அர்த்தம், சின்ன வயசுல இருந்தே. ஹவர்ட் பெக்கர்னு ஒரு சமூகவியலாளர் 1953லயே 50 பேர்கிட்ட பேசிட்டு எழுதினார்: இந்த உணர்வுகள் தானா இன்பமாத் தெரியறதில்ல, அதை இன்பம்னு எடுத்துக்க ஆளுங்க கூட்டாளிங்ககிட்ட கத்துக்கறாங்க. பக்கத்துல யார் இருக்காங்க, இடம் எது, என்ன எதிர்பாத்து எடுத்தோம், எல்லாம் கணக்குல வருது. என் வீட்டு சோஃபால நான் ஒரு ஆளு. பாதி முகம் தெரியாத கூட்டத்துல வேற ஆளு.

கடைசியா, அந்தத் தம்பி. ‘ஒவ்வொரு நாளும் எடுக்கிறன், அமைதியா இருக்கிறன்.’

இதைத்தான் நான் ரொம்ப யோசிச்சேன். தினமும் எடுத்தா மூளை சிபி1 ரிசெப்டரைக் குறைச்சுக்கும். அப்புறம் எடுக்காத நாள்ல என்ன வரும்? எரிச்சல், தூக்கமின்மை, பதட்டம். கஞ்சாவை நிறுத்தினா வர்ற இந்த அவஸ்தையை அமெரிக்க மனநல மருத்துவர்களோட கையேடு 2013ல முறையாவே நோய்ப் பட்டியல்ல சேர்த்துடுச்சு. நிறுத்தின ஒரு நாள் ரெண்டு நாள்ல ஆரம்பிச்சு, முதல் வாரத்துல உச்சத்துக்குப் போகும். மூளை ஸ்கேன்ல பாத்தா, ரிசெப்டர் பழைய நிலைக்குத் திரும்ப நாலு வாரம் போல ஆகுது.

இப்ப யோசிங்க. சாயங்காலம் பதட்டம் வருது, ஒரு ஜாயிண்ட் இழுக்கறார், அடங்குது. “பாத்தீங்களா, மருந்து!” அந்தப் பதட்டத்தைக் கொண்டு வந்ததே நேத்து இழுத்ததா இருந்தா? அவருக்கு உள்ள இருந்தே தெரிஞ்சுக்க வழியே இல்லையே. இது அவரைக் குறை சொல்றதுக்கு இல்ல. அவர் சாட்சியத்தோட எல்லை அவ்வளவுதான்னு சொல்றேன். ஒண்டாரியோவுல, கஞ்சாவால எமர்ஜென்சிக்குப் போனவங்களுக்கு அடுத்த சில வருஷத்துல பதட்ட நோய்க்காக ஆஸ்பத்திரி போக வேண்டி வர்றது மத்தவங்களை விடப் பல மடங்கு அதிகம்னு இங்க ஒரு ஆய்வும் வந்திருக்கு. ஆனா பதட்டம் இருக்கறவங்கதான் கஞ்சாகிட்ட போறாங்களா, கஞ்சாதான் பதட்டத்தைக் கொண்டு வருதாங்கறதை அந்தக் கணக்கு மட்டும் தீர்த்து வெச்சுடாது. ரெண்டும் கலந்தே இருக்கலாம்.

சில பேருக்கு மட்டும் இந்த ‘ஆளுக்கு ஆள்’ பேச்செல்லாம் கிடையாது, வேண்டாம்னா வேண்டாம். குடும்பத்துல சைக்கோசிஸ், ஸ்கிசோஃப்ரினியா இருக்கறவங்க. கர்ப்பமா இருக்கறவங்க, பால் கொடுக்கறவங்க. மூளை இன்னும் வளர்ந்துக்கிட்டிருக்கற பசங்க. ஏற்கெனவே வலிப்பு மருந்தோ ரத்தம் உறையாம இருக்க மருந்தோ எடுக்கறவங்க டாக்டர்கிட்ட கேக்காம சிபிடி கூடத் தொடாதீங்க, அந்த மருந்துகளோட அளவையே அது மாத்திடும்.

அப்புறம் ‘வரும்போது ரெண்டு பாக்கெட்டு எடுத்துட்டு வா’ன்னு சென்னைல இருந்து மெசேஜ் போட்ட ஒன்று விட்ட தம்பிக்கு: இந்தியால 1985ல இருந்து போதைப்பொருள் சட்டம்னு ஒண்ணு இருக்குடா. கனடாவுல இருந்து வெளிய எடுத்துட்டுப் போறதே இங்கயும் குற்றம். உனக்கு மேப்பிள் சிரப் போதும்.

நான் என்ன பண்றேன்? நிறுத்திட்டேன். அந்த சனிக்கிழமை ராத்திரி நல்லாத்தான் இருந்துச்சு, இல்லைங்கல. ஆனா கோடு எங்க இருக்குன்னு தெரியாத ஒரு பொருளை, எப்பவும் கோட்டைப் பத்தியே கவலைப்படற ஆளு கையில குடுத்தா, அந்தக் கவலையே ஒரு வேலையாயிடுது. இப்போ ஒரு கவுன்சிலர்கிட்ட போறேன். இதயம் தடதடன்னா ‘சரி, ஓடு’ன்னு விட்டுட்டுக் கவனிக்கப் பழக்கறாங்க. மெதுவாத்தான் நகருது. பார்ட்டில சொல்லிப் பெருமைப்படற மாதிரி கதையும் இல்ல.

வீட்டுக்காரர் எப்பவாவது 2.5 எடுத்துக்கறார். தூங்கறார். “எதுக்கு இவ்வளவு படிக்கற, ஒண்ணுமே இல்லையே இதுல”ங்கறார். அவருக்கு ஒண்ணுமே இல்லதான்.

அதனால உங்ககிட்ட யாராவது ‘எனக்கு நல்லா கேக்குது’ன்னோ ‘செத்துப் பொழைச்சேன்’னோ வந்தா சண்டை போடாதீங்க. எவ்வளவு எடுத்தீங்க, சாப்பிட்டீங்களா புகைச்சீங்களா, எத்தனை நாளா எடுக்கறீங்க, எடுக்காத நாள்ல எப்படி இருக்குன்னு கேளுங்க. முக்கால்வாசிப் பேர் கடைசிக் கேள்வில பேச்சை மாத்திடுவாங்க.

பதில் சொல்றவங்க சொன்னதைக் கேட்டுக்கோங்க. அது அவங்க உடம்போட ரிப்போர்ட். உங்க பேர் போட்ட பிரிஸ்கிரிப்ஷன் இல்ல.